மூடியின் மேல் மூன்று கால்கள்

சோயாரிக்
8 அக்டோபர் 1997

சனோபர்,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. பெயரோடு விட்டுவிட்டேன்.

துக்க வீட்டில் நீ என்னிடம் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? என் தோல்கினை அப்போதுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீ மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். காதருகே குனிந்து, "அப்ப நீ எங்க நின்னுக்கிட்டிருந்தே?" என்றாய். முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் கேட்கிற கேள்வியா அது? நான் எழுந்து போய்விட்டேன்.

இப்போது பதில் சொல்கிறேன். ஆலையில் பருத்திக்கொட்டையிலிருந்து பென்சின் விட்டு எண்ணெய் பிரிக்கிற கூடத்தின் வாசலில் நின்றேன். கோடை முழுக்கப் பழுது பார்த்துவிட்டு அன்று காலையில்தான் மறுபடி ஓட்டுவதாக இருந்தது. கண் பட்டுவிடக் கூடாது, யாராவது இசிரிக் புகை போடுங்கள் என்றார்கள். ஆலை லேபில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். சட்டியில் கங்கு எடுத்து, மேலே செடியைத் தூவி, புகையோடு கொண்டுபோனேன். உள்ளே போகிற ஒவ்வொருவர் தலையையும் சுற்றினேன். டைரக்டர் ஹோஷிமோவ்கூடத் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டிவிட்டு, உள்ளே போகாமல் விருந்தாளிகளோடு நடந்தார். முதலில் சுற்றியது தோல்கினுக்கு. "போதும்டி, மூச்சு முட்டுது. உள்ள போறதுக்கு முன்னாடியே கொன்னுடுவ போலிருக்கே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

கூடம் வெடித்தது. உள்ளே போன நான்கு பேரும் திரும்பவில்லை. திறந்து கிடந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றதால் நான் இருக்கிறேன்.

விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார்: "நெருப்பைக் கையில எடுத்துக்கிட்டு பென்சின் கூடத்துக்குப் போனது நீதானேம்மா?" ஆமாம் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நீ இதற்கென்றே படித்தவள். நம் தெருவிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள். எரிந்த இடத்தைப் பார்த்து ஏன் எரிந்தது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். எனக்கு ஆறுதல் எதுவும் வேண்டாம். ஒரு பதில் போதும். நானா?

உன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு கையிலும் கட்டு. நடுவில் ஒரு சுவர்தானே, நான் போய் ஊட்டிவிடுகிறேன். ஆலை விருந்துக்குப் பலோவ் சோறு சமைக்க வந்த மனிதர், அவருக்கு ஏன் இது? "தீ மேல போகலம்மா. கீழ போச்சு. நீலமா போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதிர்ச்சியில் பேசுகிறார் என்கிறார் டாக்டர்.

எனக்கு அன்றிலிருந்து வாசனை தெரிவதில்லை. ரொட்டி சுட்டால் சூடு தெரிகிறது, மணம் இல்லை. அழுகையும் வரவில்லை. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

சுலைஹோ

*

தாஷ்கண்ட்
16 அக்டோபர் 1997

அன்புள்ள சுலைஹோ,

நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன். நீ அடித்துவிட்டுப் படித்துக்கொள்.

அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எனக்குத் துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாது. மற்றவர்கள் சத்தமாக அழுதார்கள், எனக்கு அதுவும் வரவில்லை. தெரிந்த ஒரே கேள்வி வாயில் வந்துவிட்டது. இங்கே எதைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்போம், யார் எங்கே நின்றார்கள் என்று.

உன் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆலையிலிருந்து சாமான்கள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்றே தலைவர் பாக் ஐயாவிடம் போய்ச் சொன்னேன், காயம்பட்டவர்களில் ஒருவர் என் அப்பா, இறந்தவர்களில் ஒருவர் என் சிநேகிதியின் கணவர் என்று. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப நீ இதுல இல்ல. சாமானையும் தொடாத, காகிதத்தையும் தொடாத" என்றார். வேலை அக்மலிடம் போயிற்று. அக்மல் எனக்கு எதிர் மேஜை. நல்லவன். ஆனால் என்னைப் பார்த்தால் அவனுக்குத் தேநீர் ஞாபகம்தான் வரும். "தங்கச்சி, கெட்டில்ல தண்ணி இருக்கா?" நானும் எழுந்து போய் வைப்பேன். நானும் அவனும் ஒரே பட்டம் வாங்கியவர்கள் என்று எப்படி நினைவுபடுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் எதுவும் எழுதக் கூடாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதே. உன் புருவம் எப்படி இருக்கிறது?

நீ அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் ரஷ்யாவில் இருக்கிறான், எனக்கு இங்கே விடுப்பு இல்லை. அவருக்குக் குங்குமப்பூ நிறத்தில் காரட் வெந்தால்தான் பிடிக்கும். கறுத்துவிட்டால் சாப்பிட மாட்டார், சொல்லவும் மாட்டார்.

சனோபர்

*

சோயாரிக்
24 அக்டோபர் 1997

பெரிய அதிகாரி அம்மாவுக்கு,

என் புருவம் சௌக்கியம். இரண்டும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு நீ மையிட்டுச் சேர்த்து வரைந்துவிட்ட மாதிரி இப்போது சேர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். முடியும் இருக்கிறது. தோளில் கதவு இடித்த காயம் ஒன்று. புருஷன் செத்தவளிடம் புருவத்தை விசாரிக்கிற ஒரே ஆள் நீதான். தாஷ்கண்டில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

புருவம் போனது உன் அப்பாவுக்கு. இமை முடியும் இல்லை. பச்சைக் குழந்தை முகம் மாதிரி இருக்கிறது. ஊட்டும்போது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

டைரக்டர் உன் அப்பாவைப் பார்க்க வந்தார். முலாம்பழம், கற்கண்டு, ஒரு புது மேலங்கி. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பாவை மாமா மாமா என்று தேனாக ஒழுகினார்.

"மாமா, நீங்க அடுப்பு வெச்சது ஆலை கேட்டுக்கு வெளியதானே?"

உன் அப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது.

"எப்பவும் வெளியதானே வைப்பீங்க. அதையே சொல்லுங்க, போதும். உங்க பொண்ணு வேற அரசாங்க வேலையில இருக்கா. நல்லா இருக்கட்டும்."

அப்புறம் கதவு சாத்துகிற சத்தம். உன் அப்பா அந்த மேலங்கியை இன்னும் பிரிக்கவில்லை. பழத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் மாட்டுக்குப் போட்டேன்.

மாமியார் என்னோடு பேசி வெகு நாளாகிறது. முன்னால் பாத்திரத்தை வைப்பார், எடுத்துக்கொண்டு போவார். நேற்று நாத்தனாரிடம் பேசுவது கேட்டது. "நெருப்பைத் தலையச் சுத்தி அனுப்பினா. அதுவும் சிரிச்சுக்கிட்டே." அது உண்மைதான். சிரித்தேன்தான்.

நான் உன்னைக் கேட்டதற்குப் பதில் சொல்.

சுலைஹோ

*

தாஷ்கண்ட்
3 நவம்பர் 1997

அன்புள்ள சுலைஹோ,

சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். நீ இல்லை என்று நினைக்கிறேன்.

பென்சின் ஆவி காற்றைவிடக் கனம். புகை மாதிரி மேலே போகாது. சிந்திய தண்ணீர் மாதிரித் தரையோடு படர்ந்து பள்ளம் பார்த்து ஓடும். கண்ணுக்குத் தெரியாது. அது ஒருவர் கையில் இருக்கிற கங்கில் பற்ற வேண்டுமென்றால், அதற்கு முன்பே அந்த ஆளைச் சுற்றி நிறைந்திருக்க வேண்டும். பற்றும்போது முதலில் போவது அவர் புருவமும் இமையும் நெற்றி முடியும்தான். உன்னுடையது இருக்கிறது. அந்தச் சட்டி உன் கையில் இருந்தவரை உன்னைச் சுற்றி ஆவி இல்லை. தீ வேறு எங்கோ பிறந்து கூடத்துக்குள் போயிருக்கிறது. எங்கோ தாழ்வான இடத்தில்.

இதை அக்மலிடம் பொதுவாகப் பேசுவது போலச் சொல்லிப் பார்த்தேன். "தங்கச்சி, வாசல்ல ஒரு பொண்ணு நெருப்போட நிக்குறா. கையெழுத்தும் போட்டிருக்கா. நான் எதுக்குப் புருவத்தை எண்ணிக்கிட்டு உக்காரணும்?" என்றான். சோம்பேறித்தனம் இல்லை. எல்லா வாக்குமூலங்களும் அதையே சொல்கின்றன. படித்து ஆச்சரியப்பட்டு என்னிடமே சொன்னான்: "ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. பலோவ் கேட்டுக்கு வெளியே, அடுப்பு கேட்டுக்கு வெளியே, விருந்தாளிங்க கேட்டுக்கு வெளியே. உங்க ஊர்ல எல்லாரும் கேட்டுக்கு வெளியேதான் வாழுறீங்களா?" நான் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

டைரக்டர் வந்து போனதை நீ எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கவனித்தாயா? கேட்கவில்லை.

சனோபர்

*

சோயாரிக்
10 நவம்பர் 1997

சனோபர்,

நினைக்கிறாயா? நீ நினைப்பதை வைத்து நான் என்ன செய்வது? மாமியாரிடம் புருவத்தைக் காட்டட்டுமா?

விசாரணை அதிகாரி நேற்று வீட்டுக்கே வந்தார். தாஷ்கண்டிலிருந்து அறிக்கை வந்ததும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகுமாம். உள்ளே வைக்க நேரலாம், சூடான துணிகளைத் தயாராக வைத்துக்கொள் என்றார். கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

பயமாக இல்லை. அதுதான் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. யாரோ ஒருத்திக்குத் துணி எடுத்து வைப்பது போல எடுத்து வைத்தேன். கம்பளிக் காலுறை, சால்வை. தோல்கினின் ஸ்வெட்டர் ஒன்று. முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இனிமேல் நினைப்பதை எழுதாதே. தெரிந்தால் எழுது.

சுலைஹோ

*

தாஷ்கண்ட்
21 நவம்பர் 1997

சுலைஹோ,

தெரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

ஆலையிலிருந்து வந்த சாமான்களில் ஒரு வட்ட இரும்பு மூடி இருந்தது. கூடத்துச் சுவரோரம் சாக்கடைக் கிணற்றை மூடியிருந்தது. வெடித்தபோது பறந்து பருத்திக்கொட்டைக் குவியலில் போய் விழுந்ததாம். அதற்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை. என் மேஜைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தொடாதே என்று சொன்னதால் நான் தொடவில்லை. ஆனால் தேநீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

மேல்பக்கத்தில் ஒரு வட்டம், இரும்பு நீலம் பாய்ந்து நிறம் மாறியிருந்தது. வெடியின் சூடு அப்படிச் செய்யாது, அது ஒரு நொடி. பல மணி நேரம் மேலே நெருப்பு இருந்தால்தான் அப்படி ஆகும். அதைச் சுற்றிலும் கருகிய எண்ணெய்த் துளிகள், பொருக்குப் பொருக்காக. நடுவே மூன்று இடங்களில் மட்டும் இரும்பு பழைய நிறத்திலேயே இருந்தது. எதுவோ அங்கே நின்று மறைத்திருக்கிறது. இரண்டு தடங்கள் உருண்டை. மூன்றாவது குதிரை லாடம், ஒரு முனை உடைந்தது.

அந்த லாடத்தை உனக்கும் தெரியும். அப்பாவின் முக்காலி அடுப்பில் ஒரு கால் ஒடிந்து, கொல்லர் வேறு எதுவும் கிடைக்காமல் லாடத்தை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். சிறுமியாக இருந்தபோது அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. உடைந்த முனை விரலைக் கிழிக்கும்.

அப்பா ஏன் அங்கே வைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் செய்வது முற்றத்தைச் சுற்றி வந்து சமதரை தேடுவது. வெறும் கொப்பரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். "எண்ணெய் ஒரு பக்கம் சாஞ்சா ஒரு பக்கத்து அரிசி கருகும், மறுபக்கம் கஞ்சியாகும்" என்பார். பழுது வேலைக்காக ஆலை முன்பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்று நீதான் கோடையில் எழுதியிருந்தாய். சமமாகக் கிடந்த ஒரே இடம் அந்த இரும்பு மூடிதான். அவர் காலால் தட்டிப் பார்த்திருப்பார். சந்தோஷப்பட்டிருப்பார்.

மூடியில் கம்பியை விட்டுத் தூக்குவதற்கான துளைகள் இரண்டு. கீழே சாக்கடை, அதிலிருந்து குழாய் நேராகக் கூடத்துக்கு. எந்திரத்தை ஓட்டியதும் ஆவி குழாய் வழியாக வந்து, கிணற்றை நிரப்பி, துளை வழியே எட்டிப்பார்த்திருக்கிறது. மேலே பருத்திமார் விறகு எரிந்துகொண்டிருந்தது. தீ கீழே போயிற்று, நீலமாகப் போயிற்று என்று அவர் சொன்னது பிதற்றல் இல்லை. அவர்தான் பார்த்த ஒரே சாட்சி.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: நீ இல்லை. தோல்கினிடம் போன தீ என் அப்பாவின் அடுப்பிலிருந்து போனது.

இது எனக்குத் தெரிந்து பல நாட்களாகின்றன. தினமும் தேநீர் போட்டேன். இந்த வழக்கில் நான் இல்லை, பேசாமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அக்மல் மூடியைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டபோது, "தெரியல" என்றேன். அந்த ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் கம்பளிக் காலுறையை நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுப்பு இருந்தால் மட்டும் போதாது. கூடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு தொட்டி இருக்கும், அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நின்றால் ஆவி தாண்டாது. கோடை முழுக்க ஆலை நின்றதில் அது காய்ந்திருக்கும். சில வாளித் தண்ணீர் போதும். யாரும் ஊற்றவில்லை. பாக் ஐயா எங்களுக்கு முதல் நாளே சொன்னது இது: "தீக்குச்சியைத் தேடாதீங்க, அது எல்லா இடத்துலயும் இருக்கும். ஆவி ஏன் வெளிய வந்துச்சுன்னு தேடுங்க." ஆனால் அடுப்பு கேட்டுக்கு வெளியே இருந்தது என்று எல்லாரும் சொல்லும்வரை அந்தத் தொட்டியை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

நான் பேசிவிடுவேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். நீ அவருக்கு ஊட்டுகிறாய். இனி ஊட்டாவிட்டால் நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன்.

சனோபர்

*

சோயாரிக்
2 டிசம்பர் 1997

சனோபர்,

உன் கடிதத்தைக் குழாயடியில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நெஞ்சு லேசாகும், இல்லை வெடிக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். கட்டுப் போட்ட கையால் தானே எடுத்துச் சாப்பிடப் பார்க்கிறார். விழுகிறது, எடுக்கிறார், விழுகிறது. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. இரக்கத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் போனேன்.

"வரமாட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

"வேலை இருந்துச்சு மாமா."

"சரி."

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுக்க. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இமை முடி இல்லாததால் மூடியது மாதிரியே தெரியவில்லை.

"லாடத்தைக் கண்டுபிடிச்சுட்டாளா?" என்றார். "அதைத் தேய்க்கச் சொன்னா அழுவா. ஓடிப் போய் உங்க வீட்லதான் ஒளிஞ்சுக்குவா."

நான் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன்.

"அந்த மூடி அவ்வளவு சமமா இருந்துச்சும்மா. ஒரு சொட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடல. டைரக்டர் பாத்துட்டு, 'நல்ல இடம் புடிச்சீங்க மாமா, விருந்தாளிங்களும் பாப்பாங்க'ன்னு முதுகுல தட்டினாரு."

"அவர் பாத்தாரா?"

"பாத்தாரு. அப்புறம் கேட்டுக்கு வெளியன்னு சொல்லச் சொன்னாரு. நானும் தலையாட்டினேன். இந்தத் தெருவுல ஒரு கல்யாணத்துக்கு இனிமே என்னைக் கூப்பிடுவாங்களான்னு நினைச்சேன். பொண்ணோட வேலையை நினைச்சேன். உன்னை மாட்டிவிடுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நீ ஊட்டுற சோத்தைத் தின்னேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன், சனோபர். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எடுத்தேன். சூப் ஆறிக்கொண்டிருந்தது, மேலே கொழுப்பு உறையத் தொடங்கியிருந்தது. வாயைத் திறந்தார். ஊட்டினேன்.

நான் எழுந்தபோது சொன்னார்: "அந்த லாடக் கால் என்னோடதுதான்னு எழுதச் சொல்லு. நானும் வந்து சொல்றேன்."

இப்போது தண்ணீர்த் தொட்டி. அன்று காலை வீட்டில் தேநீர் குடிக்கும்போது தோல்கின் சொன்னான். "தொட்டியில தண்ணி இல்ல. ஊத்திட்டு ஓட்டலாம்னா டைரக்டர் கேக்க மாட்டேங்குறாரு. தண்ணி லாரி விருந்தாளிங்க கை கழுவ நிக்குதாம். முதல்ல ஓட்டு, அவங்க போனப்புறம் ஊத்திக்கலாம்கிறாரு." கடுகடு என்று இருந்தான். "உனக்கு எப்பவும் ஏதாவது குறை" என்று நான் சொன்னேன். அதுதான் நாங்கள் வீட்டில் பேசிய கடைசிப் பேச்சு.

ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பாய். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னிடம் இசிரிக்கைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் இசிரிக்கைப் பற்றித்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுலைஹோ

*

தாஷ்கண்ட்
9 டிசம்பர் 1997

அன்புள்ள சுலைஹோ,

சொல்லிவிட்டேன்.

அக்மல் மூடியை வெளியே எடுத்துப் போக ஆள் கூப்பிட்டான். நான் போய் அதன் முன்னால் நின்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"என்ன தங்கச்சி?"

"இதை எடுக்கக் கூடாது."

"இது சாக்கடை மூடி."

"இது எங்க அப்பாவோட அடுப்பு நின்ன இடம்."

மெதுவாகத்தான் சொன்னேன். முதலில் அவனுக்குக் கேட்கவே இல்லை, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் முறை சொல்லிவிடலாம்.

பாக் ஐயா வந்தார். குனிந்து மூன்று தடங்களையும் பார்த்தார். லாடத்தடத்தின் மேல் காற்றிலேயே விரலை ஓட்டினார், தொடவில்லை. தரை சமமாக இருப்பது சமையற்காரருக்கு ஏன் முக்கியம் என்று கேட்டார். கொப்பரைத் தண்ணீர், எண்ணெய், கருகும் அரிசி எல்லாவற்றையும் சொன்னேன். நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி இங்கே யாரும் கேட்டதில்லை. முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. இன்னைக்கு டீ அக்மல் போடட்டும்" என்றார். அக்மல் போட்டான். தண்ணீர் கொதிக்காமலே இலையைப் போட்டுவிட்டான். குடித்தோம்.

அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொட்டியைத் திறந்து பார்க்க அக்மல் சோயாரிக் வருகிறான். என்னிடம் சாட்சியாக எழுதி வாங்கியிருக்கிறார்கள். உங்கள் இருவரையும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள். யார்மேல் தப்பு என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அப்பாவிடம் இதை இரண்டு முறை சொல். அவர் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்ப்பார்.

அப்பாவுக்கு என்று தனியாக ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை, கிழித்துவிட்டேன். புருவம் திரும்ப முளைக்கிறதா என்று கேட்டதாகச் சொல்.

தோல்கின் தொட்டியைப் பற்றிச் சொன்னது உண்மை. அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் அடுப்பு அங்கேயே எரிந்திருக்கும், நீ புகை போட்டிருப்பாய், எல்லாரும் பலோவ் சாப்பிட்டிருப்பார்கள். இதை உன் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமாக இருக்கும்.

சனோபர்

*

ஃபெர்கானா
17 டிசம்பர் 1997

அன்புள்ள சனோபர்,

அரசு வழக்கறிஞர் அலுவலக நடையில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கூப்பிடவில்லை. உன் அப்பா பக்கத்தில் சுவரில் சாய்ந்து தூங்குகிறார். வலது கைக் கட்டை அவிழ்த்தாயிற்று, இடது கையில் இன்னும் இருக்கிறது. டைரக்டர் கொடுத்த மேலங்கியைப் போடவில்லை. பழைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டார், பொத்தான் நான் போட்டுவிட்டேன். புருவம் ஒரு பக்கம் முளைக்கிறது. வெள்ளையாக. "எழுதிப் போடு, ஒரு பக்கம்தான்னு" என்றார்.

டைரக்டர் முந்தாநாள் ஆள் அனுப்பினார். "மாமா, யோசிச்சுக்கோங்க" என்று சொல்லச் சொன்னாராம். உன் அப்பா அந்த ஆளைத் தேநீர் குடிக்கச் சொன்னார். குடித்ததும் மேலங்கியை மடித்தபடியே அவன் கையில் கொடுத்தனுப்பினார்.

மாமியாரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தார். தோல்கின் அன்று காலை தொட்டியைப் பற்றிச் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன், அவன் குரலில். உன் அப்பாவின் அடுப்பையும் சொன்னேன். பிசைந்துகொண்டே இருந்தார். மாவு கல் மாதிரி ஆன பிறகும் பிசைந்தார். சரி, இதுவும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

இன்று விடியற்காலை உன் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார், பஸ்ஸுக்கு. நான் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படலருகே மாமியார் நின்றுகொண்டிருந்தார். கையில் சட்டி. கங்கின் மேல் இசிரிக் வெடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தச் செடியைக் கையில் எடுக்கவில்லை. கொத்தாகக் கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கால் பின்னால் போயிற்று. நானாகப் போகவில்லை, கால் போயிற்று. உன் அப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நில்லு" என்றார் மாமியார்.

இத்தனை நாளில் என்னிடம் சொன்ன முதல் சொல்.

முதலில் உன் அப்பாவின் தலையைச் சுற்றினார். அவர் குனிந்து காட்டினார். பிறகு என் தலையை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கங்கு மண்ணில் விழுந்தது. அதை வெறும் காலால் மிதித்து அணைத்தார். "போயிட்டு வாங்க. அவன் சொன்னதைச் சொல்லு. அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

புகை முகத்துக்கு நேரே வந்தது. நான் நகரவில்லை.

வாசனை தெரியவில்லை, சனோபர். ஆனால் கண் எரிந்தது. பஸ் ஏறி, ஊர் தாண்டி, பருத்திக் காடெல்லாம் தாண்டிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. உன் அப்பா தன் கைக்குட்டையைக் கட்டுக் கையால் நீட்டினார்.

கதவு திறக்கிறது. எங்கள் பெயரைச் சொல்கிறார்கள்.

சுலைஹோ